பட்டறைப் பக்கம்: புது பால் ஜாயின்ட் ஏன் பத்தாயிரம் கிலோமீட்டரிலேயே பழுதாகிறது?

இந்த இதழில் பால் ஜாயின்ட் பற்றிய கேள்விகள் மட்டும். சஸ்பென்ஷன் ஆர்மையும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும் இணைக்கும் மூட்டுதான் அது.

*ஐயா, என் பெட்ரோல் ஹேட்ச்பேக்கில் கம்பெனி ஃபிட்டிங்காக வந்த லோயர் பால் ஜாயின்ட் 90,000 கி.மீ. ஓடியது. இடது பக்கம் ஆட்டம் வந்ததும் மாற்றினேன். புதுசு 11,000 கி.மீ.யில் லொட லொட என்றது. மறுபடி மாற்றினேன், 8,000 ஆவதற்குள் அதே சத்தம். "ரோடு அப்படி சார்" என்கிறார் மெக்கானிக். ரோடுதான் காரணமா? – வாசகர், ஓசூர்*

இல்லை. அதே ரோட்டில்தான் முதல் ஜாயின்ட் 90,000 ஓடியது. வலது பக்கத்து ஜாயின்ட் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே பக்கம் இரண்டு முறை போனால் ரோட்டை விட்டுவிட்டு அந்தப் பக்கத்தில் என்ன நடந்தது என்றுதான் பார்க்க வேண்டும்.

பால் ஜாயின்டுக்குள் இருப்பது கொஞ்சம்தான். தண்டோடு கூடிய மெருகேற்றிய எஃகுப் பந்து, அதைத் தாங்கும் பிளாஸ்டிக் கிண்ணம், கொஞ்சம் கிரீஸ், வெளியே பூட் எனப்படும் ரப்பர் உறை. பூட் கிழியாமல், கிரீஸ் காயாமல் இருக்கும்வரை பந்து லேசில் தேயாது. பெரும்பாலான ஜாயின்ட்களில் முதலில் போவது பூட்தான். பந்து போவது அதற்குப் பிறகு.

மாற்றிக் கழற்றிய பழைய ஜாயின்டைக் கடையிலேயே விட்டுவிடாமல் கேட்டு வாங்குங்கள். துடைத்துப் பார்த்துவிட்டு, பூட்டை பிளேடால் கிழியுங்கள். உள்ளே செங்கல் நிறத்தில் குழம்பு இருந்து, பந்தில் துருப்புள்ளி விழுந்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பூட்டில் ஓட்டை எங்கே என்று தேடுங்கள். கிரீஸ் கறுத்து மெழுகுபோல் இறுகி, பூட் ரப்பரும் வெடித்திருந்தால் சூடு. பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். அல்லது டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகரத் தட்டு "சத்தம் போடுகிறது" என்று யாராவது கழற்றி எறிந்திருக்கலாம். அந்தத் தட்டு பால் ஜாயின்ட் பூட்டுக்கும் சூடு மறைக்கும் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. கிரீஸ் சுத்தம், பந்தும் பளபளப்பு, ஆனாலும் ஆட்டம் என்றால் கிண்ணம் மட்டமான சரக்கு, அல்லது பள்ளத்தில் ஒரு பெரிய அடி வாங்கியிருக்கிறது.

நான்காவது அடையாளத்தைத்தான் உங்கள் விஷயத்தில் முதலில் தேட வேண்டும். ஜாயின்டின் தண்டில், நக்கிளுக்குள் உட்காரும் இடத்தில், பளபளவென்று தேய்ந்த வளையமோ பழுப்புத் தூளோ இருக்கிறதா? இருந்தால் பந்து ஆடவில்லை, தண்டே நக்கிள் துளைக்குள் ஆடியிருக்கிறது. துளை முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டால் எத்தனை புது ஜாயின்ட் போட்டாலும் ஆட்டம் திரும்ப வரும். மாற்ற வேண்டியது நக்கிளை.

உங்கள் கார் எந்த வகை என்று பாருங்கள். பல சிறிய கார்களில் தண்டு நேரானது. பக்கத்தில் ஒரு பள்ளம் இருக்கும். நக்கிளின் பிளவு வழியாக வரும் பின்ச் போல்ட் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து தண்டைப் பூட்டும். தண்டு முழுதாக உள்ளே போயிருந்தால் அந்த போல்ட் கையாலேயே நுழையும். சுத்தியலால் அடித்து இறக்கினால் பள்ளத்தின் ஓரம் சிதைந்து பிடிமானம் போய்விடும். பழைய தண்டு துருப்பிடித்து வராதபோது உளியை பிளவுக்குள் அறைந்து நக்கிளை விரிப்பதும் வழக்கமாக நடக்கிறது. கொஞ்சம் விரித்தால் போதும், பலமாக அறைந்தால் பிளவு பழைய அளவுக்குத் திரும்பாது. பிறகு போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் தண்டைக் கவ்வாது. சிறிய கார்களில் இந்த போல்ட்டின் டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) பெரும்பாலும் 50 முதல் 70 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் மாடலின் சரியான அளவை சர்வீஸ் மேனுவலில் பார்த்து டார்க் ரெஞ்சில் வையுங்கள். "கை கணக்கு" இங்கே வேண்டாம்.

தண்டு கூம்பாக இருந்து நட்டு போடும் வகையானால், கூம்பும் துளையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும். மார்க்கர் பேனாவால் கூம்பில் நீளவாக்கில் நான்கைந்து கோடு போட்டு, துளையில் வைத்து அழுத்தி ஒரு திருப்புத் திருப்பி எடுங்கள். கோடு நீளம் முழுக்க அழிந்திருந்தால் சரியாக உட்காருகிறது. மேலேயோ கீழேயோ மட்டும் அழிந்தால் துளை தேய்ந்திருக்கிறது, அல்லது ஜாயின்ட் அந்த வண்டிக்கானது இல்லை. தலையில் வாய் வெட்டிய காஸில் நட் என்றால் டார்க் வைத்த பிறகு, நட்டைப் பூட்டும் ஸ்பிலிட் பின்னின் ஓட்டை நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் முறுக்கி அடுத்த வாய்க்குக் கொண்டுவாருங்கள். பின்னால் தளர்த்தக்கூடாது. உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட் என்றால் ஒவ்வொரு முறையும் புது நட்.

பூட் கிழிபடும் இடமும் பெரும்பாலும் பட்டறைதான். இரண்டு பல் கொண்ட முட்கரண்டியை இடையில் வைத்து அறைந்து ஜாயின்டைப் பிரிப்பார்கள். ஜாயின்டைத் தூக்கிப் போடப் போகிறோம் என்றால் அது சரி. டிரைவ் ஷாஃப்டோ பேரிங்கோ மாற்ற நல்ல ஜாயின்டைப் பிரிக்கும்போது அதே கருவியை எடுத்தால் பூட் அங்கேயே முடிந்தது. அதற்கு ஸ்குரூ வைத்த புல்லர்தான் சரி. கேஸ் வெல்டிங் தீயைக் காட்டிச் சூடாக்கிப் பிரித்த ஜாயின்டைத் திரும்ப மாட்டவே கூடாது. உள்ளே கிண்ணம் பிளாஸ்டிக்.

இன்னொன்று. லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதும் புஷ் முறுக்கிக்கொண்டே நிற்கும். சில மாதத்தில் ரப்பர் பிய்யும். அந்தச் சத்தமும் "பால் ஜாயின்ட்" என்றுதான் பில்லில் வரும். வண்டியை நான்கு சக்கரத்தில் நிறுத்தி, முன்பக்கத்தை இரண்டு முறை அமுக்கிவிட்ட பிறகு கடைசி இறுக்கம். வலது பக்கத்தையும் சேர்த்து மாற்றச் சொல்வார்கள். பூட் முழுசாக இருந்து ஆட்டமும் இல்லையென்றால் அவசியமில்லை.

*மீன் ஏற்றும் பிக்கப். கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் வாய்) உள்ள பால் ஜாயின்ட்தான், மாதம் தவறாமல் கிரீஸ் அடிக்கிறோம். ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. – வாசகர், தூத்துக்குடி*

மாதம் தவறாமல் அடிப்பதில் குறையில்லை, எப்படி அடிக்கிறார்கள் என்பதில்தான். சர்வீஸ் ஸ்டேஷனில் காற்றழுத்த கிரீஸ் கன்னை நிப்பிளில் வைத்து, பூட் பலூன்போல் உப்பி ஓரத்தில் கிரீஸ் பீறிடும்வரை அடிப்பார்கள். "நல்லா வந்துடுச்சு" என்பார்கள். உண்மையில் பூட்டின் உதடு கிழிந்திருக்கும், அல்லது அதை இறுக்கிப் பிடிக்கும் வளையம் நழுவியிருக்கும். அதன் பிறகு உங்கள் ஐஸ் பெட்டியிலிருந்து சொட்டும் உப்புத் தண்ணீருக்கு நேர் வழி. உப்புத் தண்ணீர் பந்தின் மெருகை நல்ல தண்ணீரைவிட மிக வேகமாகத் தின்றுவிடும். துருப்பிடித்த பந்து அரம்போல் கிண்ணத்தை அராவும்.

கை கிரீஸ் கன்னே போதும். ஒரு அழுத்துக்கு ஏறக்குறைய ஒரு கிராம் வரும். முதலில் நிப்பிளைத் துணியால் துடையுங்கள். துடைக்காமல் அடித்தால் நிப்பிள் வாயில் இருக்கும் மணலை நாமே உள்ளே தள்ளுகிறோம். சக்கரத்தைத் தூக்கித் தொங்கவிட்டு, மெதுவாக இரண்டு அல்லது மூன்று அழுத்து. பூட்டைக் கையால் தொட்டுக்கொண்டே அடியுங்கள். லேசாக நிமிர்ந்ததும் நிறுத்துங்கள். வெளியே கசியும் பழைய கிரீஸ் செங்கல் நிறமாகவோ பால்போல வெளுத்தோ இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. அந்த ஜாயின்டுக்கு மட்டும் சுத்தமான கிரீஸ் வரும்வரை விட்டு விட்டு அடிக்கலாம்.

என்எல்ஜிஐ 2 (கிரீஸின் கெட்டித்தன்மையைக் காட்டும் எண்) தரத்து லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிரீஸ் வாங்குங்கள், தண்ணீரில் கழுவிப் போகாது என்று டப்பாவில் போட்டிருக்க வேண்டும். ஒரு கிரீஸைப் பிடித்துக்கொண்டால் அதிலேயே இருங்கள். களிமண் அடிப்படையில் செய்த பென்டோன் வகை கிரீஸும் லித்தியம் கிரீஸும் கலந்தால் இரண்டும் இளகி ஒழுகிவிடும். உங்கள் வேலைக்கு மாதம் ஒருமுறை என்பது சரியான இடைவெளிதான். லோடு இறக்கிய அன்றே அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவுவது அதைவிட முக்கியம். கழுவும்போது பிரஷர் கன் முனை பூட்டிலிருந்து ஓர் அடியாவது தள்ளி இருக்கட்டும், உதட்டுக்கு நேராகக் குறி வைக்கக் கூடாது.

கழுவியதும் துருப்பிடிக்காமல் இருக்க அடியில் டீசல் ஸ்பிரே அடிக்கும் வழக்கம் உங்கள் பக்கத்தில் உண்டு. டீசல் ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்யும். சேஸிஸுக்கு என்ன நன்மையோ, பூட்டுக்கும் புஷ்ஷுக்கும் அது கேடு.

*நின்ற இடத்தில் ஸ்டீயரிங் திருப்பினால் கீச் என்கிறது. ஆட்டம் எதுவும் இல்லை. மெக்கானிக் ஊசியால் பூட்டுக்குள் கிரீஸ் ஏற்றலாம் என்கிறார். – வாசகர், கோத்தகிரி*

முதலில் சத்தம் எங்கிருந்து என்று பாருங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, இன்னொருவர் சஸ்பென்ஷன் சுருளில் விரல் வைக்கட்டும். சுருள் விட்டு விட்டு அதிர்ந்தால் ஸ்ட்ரட்டின் (சுருளும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேலே இருக்கும் பேரிங்தான் பிடிக்கிறது. அப்படி இல்லாமல் ஜாயின்ட் கூட்டில் தொட்டால் அதிர்வு தெரிந்தால் உள்ளே காய்ந்திருக்கிறது. ஊசியில் கிரீஸ் ஏற்றினால் சத்தம் அன்றைக்கே நிற்கும். ஆனால் சீல் செய்த பூட்டில் ஓர் ஓட்டை போட்டுவிட்டோம். மாற்றுவதற்குள் சில வாரம் தள்ள அது உதவும், வைத்தியம் ஆகாது.

*டபுள் விஷ்போன் (மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஆர்ம்) உள்ள பழைய எம்.யூ.வி. ஒரு பட்டறையில் லோயர் பால் ஜாயின்ட் போய்விட்டது என்கிறார்கள், இன்னொரு இடத்தில் ஆட்டமே இல்லை என்கிறார்கள். யாரை நம்புவது? – வாசகர், நாமக்கல்*

இரண்டு பேரும் பார்த்ததைத்தான் சொல்லியிருப்பார்கள். வித்தியாசம் ஜாக்கி வைத்த இடத்தில் இருக்கும்.

உங்கள் வண்டியில் சுருளோ, ஸ்பிரிங்காக முறுக்கிக்கொள்ளும் கம்பியான டார்ஷன் பாரோ லோயர் ஆர்மைத்தான் தள்ளுகிறது. அதனால் முன்பக்க எடை லோயர் பால் ஜாயின்ட் வழியாகச் சக்கரத்துக்கு இறங்குகிறது. சேஸிஸில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் ஸ்பிரிங் லோயர் ஆர்மை முழு பலத்தோடு கீழே அழுத்திக்கொண்டே இருக்கும். பந்து கிண்ணத்தின் ஒரு பக்கத்தில் இறுகிக்கொள்ளும். எவ்வளவு குலுக்கினாலும் ஆடாது. "ஆட்டமே இல்லை" என்றவர் இப்படிப் பார்த்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஜாக்கியை லோயர் ஆர்முக்கு அடியில், ஜாயின்டுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பக்கத்தில் வைத்து, டயர் தரையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் எழும்பும்வரை தூக்குங்கள். சேஸிஸுக்குத் தனியாக ஸ்டாண்டு கொடுங்கள், ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம். இப்போது ஸ்பிரிங்கின் பலத்தை ஜாக்கி தாங்குகிறது, ஜாயின்ட் தளர்ந்திருக்கிறது. டயருக்கு அடியில் நீளக் கடப்பாரையைக் கொடுத்து மெதுவாக நெம்புங்கள். இன்னொருவர் ஜாயின்டில் கண் வைத்திருக்கட்டும். நக்கிள் மட்டும் எழும்பி ஆர்ம் அசையாமல் நின்றால் அந்த இடைவெளிதான் ஆட்டம். பிறகு டயரை மேலும் கீழும் பிடித்து, கடிகாரத்தில் 12, 6 இருக்கும் இடங்களில், உள்ளும் வெளியும் குலுக்குங்கள்.

இந்தக் குலுக்கலில் வீல் பேரிங்கும் ஆடிக் குழப்பும். ஒருவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி குலுக்குங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங், அப்படியே இருந்தால் பால் ஜாயின்ட். 9, 3 இடங்களில் மட்டும் ஆடினால் ஸ்டீயரிங் மூட்டுகளான டை ராடு எண்டையும் ராக் எண்டையும் பாருங்கள்.

எடை தாங்கும் ஜாயின்டுக்குச் சில கம்பெனிகள் கொஞ்சம் ஆட்டத்தை அனுமதித்து மேனுவலில் அளவு போட்டிருப்பார்கள். அதை டயல் கேஜ் வைத்துத்தான் அளக்க வேண்டும். "கொஞ்சம் ஆடுது" என்பது அளவில்லை. எடை தாங்காத ஜாயின்டில் கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருந்தாலே மாற்ற வேண்டியதுதான்.

மாருதி, ஹூண்டாய் சிறிய கார் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே செய்துவிடாதீர்கள். அவை மேக்ஃபர்சன் ஸ்ட்ரட். எடை ஸ்ட்ரட் வழியாக நேரே நக்கிளுக்குப் போகிறது. அங்கே ஜாக்கியை பாடியில் அதற்குரிய இடத்தில் வைத்துச் சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவே கம்பி கொடுத்து நெம்ப வேண்டும். பூட்டில் கம்பி படக்கூடாது. லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கி வைத்தால் காரின் எடையே ஆட்டத்தை மறைத்துவிடும்.

*2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் என் கார் இரண்டு நாள் அச்சுவரை தண்ணீரில் நின்றது. அப்போது பால் ஜாயின்டை யாரும் பார்க்கவில்லை. இப்போது எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள். – வாசகர், வேளச்சேரி*

பூட் முழுசாக இருந்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்காது. போயிருந்தால் இதற்குள் சத்தமோ ஆட்டமோ காட்டியிருக்கும். டார்ச் அடித்து பூட்டின் மடிப்புகளை விரலால் விரித்துப் பாருங்கள். மடிப்பின் அடியில்தான் மயிரிழை வெடிப்பு ஒளிந்திருக்கும். பூட்டைச் சுற்றிக் கிரீஸ் ஈரமோ துருக் கறையோ இல்லாமல், ஆட்டமும் இல்லையென்றால் தொட வேண்டாம். அந்த வெள்ளத்துக்குப் பயப்பட வேண்டியது வீல் பேரிங்குக்கு.

*எஸ்.யூ.வி.க்கு முன்னால் இரண்டு அங்குல ஸ்பேசர் போட்டு உயர்த்தினேன், அகலமான வீலும் மாட்டினேன். ஒன்றரை வருடத்தில் மேல் பால் ஜாயின்ட் இரண்டும் போய்விட்டன. – வாசகர், மதுரை*

எதிர்பார்க்க வேண்டியதுதான். பால் ஜாயின்ட் எல்லாத் திசையிலும் திரும்பும், ஆனால் எல்லைக்குள். வண்டி சாதாரணமாக நிற்கும்போது தண்டு நடுவில் இருக்கும்படிதான் வடிவமைக்கிறார்கள். ஸ்பேசர் போட்டதும் ஆர்ம்கள் கீழ்நோக்கிச் சரிந்து, தண்டு எப்போதும் ஓரத்திலேயே நிற்கிறது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் தண்டின் கழுத்து கூட்டின் விளிம்பில் இடிக்கிறது. பூட்டும் ஒரு பக்கம் இழுபட்டே கிடந்து அந்த மடிப்பில் வெடிக்கிறது. வெளியே தள்ளி நிற்கும் வீல் போதாக்குறைக்கு நெம்புகோலை நீளமாக்கிவிட்டது. அதே பள்ளம், ஆனால் ஜாயின்டுக்கு விழும் அடி பெரிது.

தண்டு மறுபடி நடுவுக்கு வரும்படி கோணம் மாற்றிச் செய்த மேல் ஆர்ம் உங்கள் மாடலுக்குக் கிடைத்தால் அதைப் போடுங்கள். கிடைக்காவிட்டால் ஸ்பேசரை ஒரு அங்குலத்துக்குக் குறையுங்கள். வெளியே தள்ளி நிற்காத பழைய வீலுக்குத் திரும்புவது செலவில்லாத வழி. எதைச் செய்தாலும் கேம்பர், கேஸ்டர், டோ என்ற சக்கரக் கோணங்கள் மூன்றும் பார்த்து அலைன்மென்ட் செய்யுங்கள்.

*பழைய ஜாயின்டைத் திறந்து புது நைலான் வைத்து மூடித் தருகிறார்கள், கால்வாசி விலைதான். போடலாமா? – வாசகர், திருநெல்வேலி*

வேண்டாம். கிண்ணத்தைப் புதிதாக்கலாம், தேய்ந்த பந்தைப் புதிதாக்க முடியாது. புள்ளி விழுந்த பந்து புது நைலானையும் அராவிவிடும். பந்தின் மேற்பரப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம்: 2005இல் டொயோட்டா அமெரிக்காவில் டகோமா, டுண்ட்ரா, செக்வோயா, ஃபோர்ரன்னர் வண்டிகளை ஏழு லட்சத்துக்கும் மேல் திரும்ப அழைத்தது. தயாரிப்பின்போது முன் பால் ஜாயின்டின் பந்தில் கீறல் விழுந்திருக்கலாம், அதனால் சீக்கிரம் தேய்ந்து தளரலாம் என்பதுதான் காரணம். புது வண்டி, கம்பெனி பாகம், ஒரு கீறல்.

மூடித் தருபவர்கள் கூட்டின் வாயை எப்படி அடைக்கிறார்கள் என்பது அதைவிடக் கவலை. தொழிற்சாலையில் பிரஸ்ஸில் மடிக்கும் விளிம்பை இவர்கள் வெல்டிங் பொட்டு வைத்து மூடினால், அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் புது நைலானே இளகும். பொட்டு விட்டால் பந்து வெளியே வரும்.

*லோயர் பால் ஜாயின்டில் ஆட்டம் இருப்பது உறுதியாகிவிட்டது. அடுத்த வாரம் குடும்பத்தோடு திருச்செந்தூர் போக வேண்டும். போய்வந்து மாற்றலாமா? – வாசகர், விருதுநகர்*

மாற்றிவிட்டுப் போங்கள். தண்டு கிண்ணத்தை விட்டு வந்தால் சக்கரத்தின் அடிப்பாகம் வெளியே துள்ளி, டயர் ஃபெண்டருக்குள் மடங்கும். அந்தப் பக்கம் ஸ்டீயரிங் வேலை செய்யாது, டிரைவ் ஷாஃப்ட் பிடுங்கிக்கொள்ளும், பிரேக் ஹோஸ் அறுந்தால் பிரேக்கும் போகும். எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்று கணக்குப் போட வழியில்லை. பூட் கிழிந்து, நெம்பினால் கண்ணுக்குத் தெரியும்படி ஆடுகிறது என்றால் பட்டறைக்குக்கூட மெதுவாக ஓட்டிப் போகுங்கள், ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்ப வேண்டாம்.

பின்ச் போல்ட் வகையில் ஆர்மோடு சேர்த்து மாற்ற ஒரு பக்கத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். ஜாயின்டை மட்டும் பிரஸ்ஸில் தள்ளி ஏற்றும் வகையென்றால் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் விட்டால் மாலைக்குள் அலைன்மென்டும் முடியும்.